ஒரு சொட்டு, ஒரு தட்டு

இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் ஒன்றைக் காலையில் கிளப்பியதும் முதல் இரண்டு நிமிடங்களில் எழும் சத்தங்களை அதன்பின் நாள் முழுதும் ஒருசேரக் கேட்க முடியாது. எஞ்சின் ஒருமுறை உறுமி எழுந்து மெல்லத் தணியும். அடியில் எங்கோ ஒரு தகடு கிலுகிலுக்கும். மேனிஃபோல்டுப் பக்கம் டிக் டிக்கென்று ஒன்று. பிளாக்கின் உள்ளிருந்து டொக் டொக்கென்று சற்றே கனத்த இன்னொன்று. முன்பக்கம் டைமிங் பெல்ட் உறைக்குள்ளிருந்து கடகடவென்று ஓடி உடனே மறையும் ஒன்று. சூடேற ஏற இவை ஒவ்வொன்றாக விடைபெறும். எது முதலில் நின்றது, எது நிற்க நேரமெடுத்தது, எது நிற்கவே இல்லை என்று பிரித்துக் கேட்பது எனக்குப் பேரின்பம். கம்பெனியிலிருந்து வந்தபடியே இல்லாமல், பிஸ்டன் மாற்றி, டர்போ மாற்றி, கிளட்ச் மாற்றி, சைலன்சர் மாற்றி ஓடுகிற காராக இருந்தால் அந்த இன்பம் இன்னும் ஆழமாகிறது.

காரணம், மாற்றிய காரில் எந்தச் சத்தத்துக்கும் நிலையான பொருள் கிடையாது. ஒரு காரில் நோயாக இருப்பது இன்னொரு காரில் நல்ல உடல்நிலை. கசிவும் அப்படித்தான். சொட்டு விழுந்த இடம் ஒன்று, கசிந்த இடம் வேறு, கசியவைத்த காரணமோ இவை இரண்டையும் விட்டுத் தள்ளி மூன்றாவது ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். இந்த மூன்றையும் அவசரப்படாமல் பிரித்தறிகிற மெக்கானிக்கின் காதிலும் விரல் நுனியிலும் உள்ள நுட்பம், இசையிலும் சிற்பத்திலும் நாம் வியக்கிற நுட்பத்துக்குக் குறைந்ததல்ல என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்த ரசனைக்கு சுபாருவின் ஈஜே எஞ்சினைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது. 1966-இல் சுபாரு 1000 காரில் தொடங்கி அந்தக் கம்பெனி விடாமல் கைக்கொண்டு வருவது பாக்ஸர் அமைப்பு. சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்பதில்லை. பக்கத்துக்கு இரண்டாகப் படுத்துக்கொண்டு, பிஸ்டன்கள் எதிரெதிர்த் திசையில் விலகி விலகி நெருங்கும். ஈஜே வரிசை 1989-இல் லெகசியோடு வந்தது, 1992-இல் இம்ப்ரெசாவுக்குள் புகுந்தது. 1995-இல் காலின் மெக்ரே உலக ராலி பட்டம் வென்றதும், 1995 முதல் 1997 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தயாரிப்பாளர் பட்டம் சுபாருவுக்குக் கிடைத்ததும் இந்த எஞ்சின் குடும்பத்தின் தோளில் ஏறித்தான். இந்த வரிசையின் ஈஜே20-க்குப் பிரியாவிடை கொடுத்து 2019-இல் அறிவித்த கடைசிப் பதிப்பில் 555 கார்கள் மட்டுமே செய்தார்கள். அந்த எண், சுபாருவின் நீல நிற ராலி காரின் பக்கவாட்டில் இருந்த விளம்பர எண்.

உறுமலிலிருந்து தொடங்குவோம். எரியும் வரிசை 1-3-2-4. முதல் சிலிண்டரும் மூன்றாவதும் வலப்பக்கம், இரண்டாவதும் நான்காவதும் இடப்பக்கம். ஆகவே வலப்பக்கம் அடுத்தடுத்து இரண்டு முறை வெடித்த பிறகே இடப்பக்கத்தின் முறை வருகிறது. டர்போ எஞ்சினின் வலப்பக்கப் பின்மூலையில் இருக்கிறது. வலப்பக்கத்துப் புகைக்கு வழி குட்டை. இடப்பக்கத்துப் புகையோ எஞ்சினின் வயிற்றுக்கடியில் குறுக்கே கடந்து வந்தாக வேண்டும். சம இடைவெளியில் புறப்பட்ட நான்கு வெடிப்புகள் சமமற்ற இடைவெளியில் வந்து சேர்கின்றன. குடுகுடுவென்று, தயங்கித் தயங்கி வருகிற அந்தப் புகழ்பெற்ற உறுமல் அப்படிப் பிறந்தது. இரண்டு குழாய்களின் நீள வித்தியாசம் தவிர அதில் வேறு ரகசியம் இல்லை.

மாற்றுகிறவர்கள் பலர் நீளம் வேறுபட்ட இந்தப் புகை மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டுச் சமநீளக் குழாய் போடுகிறார்கள். உறுமல் போய்விடும், சீரான, கொஞ்சம் கூர்மையான ஓசை வரும். உறுமலை இழந்ததாக வருத்தப்படுவோர் உண்டு. எனக்கு அதில் வேறொரு லாபம் தெரிகிறது. நான்கில் ஒரு சிலிண்டர் அவ்வப்போது சரியாக எரியாமல் விட்டால், பழைய உறுமலின் தயக்கத்துக்குள் அது ஒளிந்துகொள்ளும். சமநீளக் குழாயில் ஒளிய இடமில்லை; ஒரே ஒரு வெடிப்பு தவறினாலும் காது நிமிர்ந்துவிடும். இந்தக் காரில் என்ன மாற்றியிருக்கிறது என்று முதலில் கேட்காமல் பானெட்டைத் திறக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

தட்டுகளுக்கு முன் கசிவை எடுத்துக்கொள்கிறேன். அது கண்ணுக்கும் மூக்குக்கும் விரலுக்கும் உரிய கலை. வண்டிக்கடியில் வெள்ளை அட்டையை விரித்து இரவு விட்டுவைப்பதைவிட மலிவான சோதனை இல்லை. சிவப்பாக விழுந்திருந்தால் பவர் ஸ்டியரிங்கைப் பார்க்கலாம். கூலன்ட் என்றால் பழைய வண்டிகளில் பச்சை, பிந்தியவற்றில் நீலம். தொட்டால் வழுக்கும், ஆனால் எண்ணெயாக ஒட்டாது, இனித்த வாடை அடிக்கும், காய்ந்த இடத்தில் உப்புப் பூத்த தடம் விடும். பிரேக் ஆயில் வெளிறிய மஞ்சள், பெயின்ட்டைத் தின்னும். கியர் ஆயிலின் கந்தக நெடி ஒருமுறை மூக்கில் ஏறினால் ஆயுளுக்கும் மறக்காது. எஞ்சின் ஆயில் புதிதில் தேன் நிறம், ஓட ஓடக் கறுப்பு. ஏசி ஓடிய வண்டிக்கடியில் வெறும் தண்ணீர் தேங்கினால் அதை விட்டுவிடலாம்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தின் அடியில் விழுகிற சொட்டுதான் எனக்குப் பிடித்த வழக்கு. பார்த்தவுடன் கிராங்கின் பின்சீல் போய்விட்டது என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் அதே சுவரில், கைக்கெட்டும் தூரத்தில், செபரேட்டர் பிளேட் என்ற மூடி ஒன்று இருக்கிறது. சில ஈஜேக்களில் அது பிளாஸ்டிக். ஆண்டுக்கணக்கில் சூடுபட்டு வளைந்துகொடுத்துக் கசியத் தொடங்கும். பின்சீலின் மேல் போட்ட குற்றத்தில் பெரும்பங்கு இந்த மூடிக்குரியது. மூன்றாவதாக, கியர்பாக்ஸின் முன்தண்டு சீலும் அதே அறைக்குள்தான் கசியும். சொட்டை விரலில் எடுத்து முகர்ந்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். கந்தக நெடி இருந்தால் எஞ்சின் விடுதலை.

படுத்திருக்கும் எஞ்சினுக்கென்று ஒரு குணம் உண்டு. நிமிர்ந்த எஞ்சினில் வால்வ் கவர் உச்சியில் இருக்கும், அதன் கேஸ்கட் மேல் எண்ணெய் தேங்காது. பாக்ஸரில் வால்வ் கவர் பக்கவாட்டில், அதன் கீழ் விளிம்பு நிரந்தரமாக எண்ணெயில் நனைந்தபடி. அந்த விளிம்பு சற்றே இறுகிப்போனாலும் எண்ணெய் வெளியே வரும், வந்ததும் நேர்கீழே ஓடுகிற சூடான புகைக்குழாய் மேல் விழும். ஆகவே தரையில் சொட்டு தெரியும் முன்பே மூக்குக்குச் செய்தி வந்துவிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது பானெட்டின் காற்றுவாய் வழியே கருகிய எண்ணெயின் மெல்லிய புகை எழும்; வண்டி நகர்ந்தால் காணாமல் போகும். ஓட்டுகிறவருக்குத் தெரியாமல், பக்கத்தில் நிற்கிற பைக்காரருக்குத் தெரிகிற கசிவு இது.

ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கி இழுத்துப் பூசுகிறது. முன்னால் கிராங்க் சீலில் தொடங்கிய கசிவு ஆயில் சம்ப் முழுக்கப் படர்ந்து கியர்பாக்ஸ் வரை நனைத்திருக்கும். ஈரம் அதிகமுள்ள இடத்தைப் பார்த்துப் பயனில்லை. ஈரம் தொடங்குகிற, எல்லாவற்றுக்கும் மேலேயும் முன்னேயும் உள்ள புள்ளி எது என்று தேட வேண்டும். அதற்கு முதலில் எல்லாவற்றையும் கழுவித் துடைக்க வேண்டும். அழுக்கோடு தேடுகிறவர்கள் மீது எனக்குப் பொறுமையில்லை. கழுவி உலர்ந்த உலோகத்தின் மேல் பாதங்களுக்கு அடிக்கிற பவுடர் ஸ்பிரேயை மெல்லப் படரவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து ஜாக்கியில் ஏற்றினால், வெள்ளைப் பரப்பில் ஒரே ஒரு கருங்கோடு கீழிறங்கியிருக்கும். அதன் தலைப்பில் இருப்பதுதான் ஊற்றுக்கண். இன்னும் மெல்லிய கசிவுக்கு எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து ஓட்டி, இருட்டில் மஞ்சள் கண்ணாடி அணிந்து புறஊதா விளக்கைக் காட்டுவார்கள். டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயின் செம்பு வாஷர் ஓரத்தில் பச்சை கலந்த மஞ்சளாக ஓர் இழை மின்னும்போது, பகலில் எத்தனை முறை பார்த்தும் தெரியாதது எப்படி இத்தனை துலக்கமாக நிற்கிறது என்று வியப்பாக இருக்கும்.

அந்தக் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. சில ஈஜேக்களில் அதன் துளையிட்ட போல்ட்டுக்குள் விரல்நுனி அளவுகூட இல்லாத ஒரு சல்லடை உண்டு. டர்போவைக் காப்பதற்காக வைத்தது. எண்ணெயைக் காலத்தில் மாற்றாவிட்டால் கசடு அடைத்து, காக்க வேண்டிய டர்போவை அதுவே பட்டினி போட்டுக் கொன்றுவிடும். டர்போ கீச்சிட்டுக் கத்துகிறது என்று வரும் வண்டியில் டர்போவை மட்டும் மாற்றிவிட்டுச் சல்லடையைப் பார்க்காதவர், இன்னொரு டர்போவுக்கும் சேர்த்துத்தான் விலை வாங்குகிறார்.

குளிரில் மட்டும் உயிர்பெறுகிற கசிவு ஒன்றும் உண்டு. 2000-களின் தொடக்கத்து டபிள்யூஆர்எக்ஸ்களில், கடுங்குளிர் நாடுகளில், காலையில் கிளப்பியதும் பெட்ரோல் வாடை சில நிமிடம் வந்து மறையும். இன்டேக் மேனிஃபோல்டுக்கடியில் உள்ள ரப்பர் குழாய்கள் குளிரில் இறுகிச் சுருங்க, கிளாம்ப்பின் பிடி தளர்ந்து ஓரிரு துளி வெளியேறும். சூடேறியதும் ரப்பர் விரிந்து வாயை மூடிக்கொள்ளும். மதியம் பட்டறைக்குக் கொண்டுவந்தால் எல்லாம் உலர்ந்து சுத்தமாக இருக்கும். இந்த வண்டியை முந்தின நாள் மாலையே வாங்கி நிறுத்தி, விடிகாலையில் தானே கிளப்பி, மேனிஃபோல்டுக்கடியில் மூக்கை நீட்டுகிறவர் எவரோ அவர் கைக்கு என் வண்டியை நம்பிக் கொடுப்பேன்.

இவையெல்லாம் எந்த ஈஜேக்கும் வரக்கூடியவை. மாற்றிய காரின் கசிவுக்கு வேர் பெரும்பாலும் கேஸ்கட்டில் இல்லை, எஞ்சினின் மூச்சில் இருக்கிறது. எத்தனை நல்ல ரிங்காக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும். கம்பெனி ஏற்பாட்டில் ஏறத்தாழ 1 பாரில் நிற்கும் டர்போ அழுத்தத்தை 1.5 பாருக்கு ஏற்றினால் அப்படி இறங்குவதும் கூடும். அது வெளியேற வழி போதாவிட்டால் கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி, இருக்கிற சீல்களில் எது பலவீனமோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளும். சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான சீல் கசியும். ஒரே மாதத்தில் வால்வ் கவர், கேம் சீல், பின்சீல் என்று மூன்றும் கசியத் தொடங்கினால் மூன்று சீல்களும் ஒன்றாகக் கெட்டுப்போயின என்று நம்புவதற்கில்லை. ஆயில் அளக்கும் குச்சி தானாக மேலே எழும்பி நிற்கிறதா, ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை விட்டுவிட்டு முகத்தில் அடிக்கிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இதற்காகத்தான் மூச்சுக்குழாயில் வாயுவோடு வரும் எண்ணெயைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேன் போடுகிறார்கள். பளபளக்கும் டப்பாவுக்குப் பணம் கொடுத்துவிட்டு அதற்குப் போகும் குழாயை ஒல்லியாக விட்டால் இருந்த மூச்சும் அடைபடும். படுத்த எஞ்சினில் இன்னொரு சிக்கலும் உண்டு. பந்தயத் தளத்தின் நீண்ட வலது வளைவில் எண்ணெய் முழுதும் இடப்பக்க ஹெட்டுக்குள் ஒதுங்கும், அந்தப் பக்கத்து மூச்சுக்குழாய் வாயுவுக்குப் பதில் எண்ணெயைக் கக்கும். ஆகவே டப்பாவில் எவ்வளவு சேர்ந்தது என்பதோடு, எந்த வகை ஓட்டத்தில் சேர்ந்தது என்றும் கேட்க வேண்டும். குளிர்ந்த பருவத்தில் குட்டைத் தூரம் ஓடும் வண்டியின் டப்பாவில் பால் கலந்தாற்போல் வெளுத்த குழம்பு சேரும். அதைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கட் போயிற்று என்று பதறுவார்கள். பெரும்பாலும் அது காற்றின் ஈரம் எண்ணெயோடு சேர்ந்தது. சந்தேகம் தீரவேண்டுமென்றால் ரேடியேட்டர் வாயில் நீலத் திரவச் சோதனைக் குழாயை வைத்து எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

கசிவும் சத்தமும் ஒன்றாகிற சோதனை ஒன்று இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வால்வுகள் மூடிய நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அந்தத் துளை வழியே காற்றழுத்தம் கொடுப்பது. மீட்டர் எத்தனை சதவீதம் கசிகிறது என்று சொல்லும். எங்கே கசிகிறது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். ஆயில் மூடி வாயில் உஸ்ஸென்று கேட்டால் ரிங் அல்லது பிஸ்டன். சைலன்சர் வாலில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ். திராட்டில் வாயில் கேட்டால் இன்டேக் வால்வ். கூலன்ட் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். ஈஜே25 டர்போவின் நான்காவது சிலிண்டரில் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு விண்டுபோவது இந்த எஞ்சினை அறிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நோய். அந்தச் சிலிண்டரில் காற்றைக் கொடுத்துவிட்டு ஆயில் மூடிப் பக்கம் தலையைச் சாய்க்கிறபோது பட்டறையில் கம்ப்ரஸரை நிறுத்திவிட வேண்டும். மெல்லிய உஸ் அது. மற்ற மூன்றிலும் கேட்டுவிட்டு வந்தால்தான் நான்காவதன் வித்தியாசம் புரியும்.

இனி தட்டுகள். எஞ்சின் சத்தத்தைப் பிரிக்க மூன்று அளவுகோல்கள் போதும்: அதன் காலம், அதன் சூடு, அதன் சுமை. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் கிராங்கோடு சேர்ந்த தட்டு நொடிக்குப் பன்னிரண்டரை முறை, கேமோடு சேர்ந்தது ஆறேகால் முறை. எண்ணிப் பார்க்க முடியாத வேகம்தான். ஆனால் ஒரே பாட்டை முதல் காலத்தில் பாடிவிட்டு இரண்டாம் காலத்துக்குத் தாவும்போது எண்ணாமலே காதுக்குத் தெரிகிறதல்லவா, அதே பிரிவு இங்கேயும் வேலை செய்கிறது. வால்வ் சத்தம் முதல் காலத்தில் போகும். ஃப்ளைவீல், கிராங்க் புல்லி இவற்றின் கோளாறு இரண்டாம் காலத்தில் போகும். இரண்டிலும் சேராமல் தன் போக்கில் ஓடுகிற கரகரப்பு பெரும்பாலும் ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங் பம்ப், பெல்ட் தாங்கும் சிறு பேரிங் போன்ற வெளியூர்க்காரர்களுடையது.

சூட்டுக்கு வருவோம். கம்பெனியின் வார்ப்புப் பிஸ்டனைக் கழற்றிவிட்டு அடித்துச் செய்த பிஸ்டன் போடுவது இந்த எஞ்சினில் பரவலான மாற்றம். அதில் இரண்டு உலோகக் கலவைகள் புழக்கத்தில் உண்டு. 4032 என்பதில் சிலிக்கான் ஏறத்தாழ 12 சதவீதம், சூட்டில் குறைவாகவே விரியும். 2618-இல் சிலிக்கான் மிகக் குறைவு. அடி தாங்கும், ஆனால் நிறைய விரியும். விரிவதற்கு இடம்விட்டுச் சிலிண்டரைக் கடைந்தாக வேண்டும். ஆகவே 2618 பிஸ்டன் போட்ட எஞ்சின் குளிரில் டொக் டொக்கென்று சிலிண்டர் சுவரில் இடித்துக்கொண்டுதான் எழும். எண்ணெய் சூடாகும்போது பிஸ்டன் தன் இடத்தை நிரப்பிக்கொண்டு அடங்கும். அந்த அடங்கலைக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது: கனத்த தட்டு மெலிந்து, இடைவெளி விட்டு, பிறகு தேடினாலும் அகப்படாமல் போவது. கம்பெனி பிஸ்டன் உள்ள காரில் இதே அளவு சத்தம் கேட்டால் கவலைப்பட வேண்டும். இங்கே சத்தமே கேட்காவிட்டால்தான், இடைவெளி சரியாக விட்டார்களா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

மேனிஃபோல்டுப் பக்கத்து டிக் டிக்கும் சூட்டில் மறைவதுதான். ஆனால் அதன் கதை வேறு. கேஸ்கட்டின் மெல்லிய இடுக்கில் புகை வெளியேறும் சத்தம் அது. உலோகம் விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்ளும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்தினால், ஓரிடத்தில் டிக் என்பது சுர்ரென்று காதில் ஏறும். பிஸ்டன் தட்டுக்கு இந்தக் குழாய் உதவாது. அதற்கு நீள ஸ்க்ரூட்ரைவர், அல்லது மெக்கானிக்குகளின் ஸ்டெதஸ்கோப். காற்றில் வரும் சத்தத்துக்குக் குழாய், உலோகத்தில் வரும் சத்தத்துக்குக் கம்பி.

கிளட்சோடு இலகுவான ஃப்ளைவீலும் போட்ட காரில், நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸிலிருந்து கடகடவென்று சத்தம் வரும். கனமான ஃப்ளைவீல் கிராங்கின் துடிப்பைத் தன் எடையால் விழுங்கிக்கொண்டிருந்தது; இலகுவான ஃப்ளைவீல் அதை அப்படியே கியர்ப் பற்களுக்கு அனுப்பிவிடுகிறது. கிளட்ச் பெடலை மிதித்தால் சத்தம் நிற்கும். ஒற்றை மிதியில் முடியும் சோதனை. புகைக்குழாயைச் சுற்றிய வெப்பத் தகடுகளின் கிலுகிலுப்பும் அப்படித்தான், ஒரு குச்சியால் அழுத்திப் பிடித்தால் அடங்கும். இவற்றுக்காக எஞ்சினை இறக்கிய கதைகள் உண்டு.

எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளை எடுத்துவிட்டுக் கடினமானவற்றைப் போடும்போது எல்லாச் சத்தமும் ஒருபடி உரத்துக் கேட்கும். காதுக்கு மட்டுமா? பிளாக்கின் மேல் பொருத்தியிருக்கும் நாக் சென்சாரும் ஒரு காதுதான். பெட்ரோல் தவறான நேரத்தில் தானே வெடித்தால் சிலிண்டருக்குள் வாயு ஒரு குறிப்பிட்ட சுருதியில் அதிரும். 92 மி.மீ. விட்டத்துக்கு அது ஏறத்தாழ 6.2 கிலோஹெர்ட்ஸ், 99.5-க்கு ஏறத்தாழ 5.8. சென்சார் அந்தச் சுருதிக்காகக் காத்திருக்கிறது. குளிர்ந்த பிஸ்டனின் இடிப்பும் எங்கோ உரசும் பிராக்கெட்டும் அந்த அலைவரிசையில் கொஞ்சம் கொட்டினால், வராத வெடிப்புக்காகக் கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்னிழுத்துவிடும், கார் சோர்ந்துபோகும். இயந்திரக் காதை நம்புவதா கூடாதா என்று தீர்க்க டியூனர்கள் இன்றும் மனிதக் காதைத்தான் அழைக்கிறார்கள். ஒரு செம்புக் குழாயின் நுனியை நசுக்கித் துளையிட்டுப் பிளாக்கில் போல்ட் போட்டு, மறுமுனையிலிருந்து ரப்பர் குழாயைக் காது மூடும் கவசத்துக்குள் இழுத்துக்கொண்டு, சுமை ஏற்றி ஓட்டச் சொல்லிக் கேட்பார்கள். எஞ்சினின் இரைச்சல் அடர்ந்த திரையாக விரிந்திருக்க, அதில் சுள்ளென்று தனியே தெறிக்கும் ஒரு சிறு ஒலி. ஒருமுறை கேட்டவர் அதை வேறெதோடும் குழப்பிக்கொள்வதில்லை.

கடைசியாக, எல்லோரும் அஞ்சுகிற தட்டு: கனெக்டிங் ராடு பேரிங். அதன் குணம் பிஸ்டன் தட்டுக்கு நேர் எதிர். குளிரில் எண்ணெய் தடித்து இடைவெளியை மெத்தையிட்டு வைத்திருக்கும். சூடேறி எண்ணெய் இளகிய பிறகே வாய் திறக்கும். நிலையாக 2500 சுற்றில் பிடித்துவிட்டு ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால், சுமை திசைமாறும் அந்த நொடியில் தடதடவென்று ஒரு வரிசை ஓடும். ஒவ்வொரு இன்ஜெக்டராகத் துண்டித்துப் பார்த்தால் எந்தச் சிலிண்டரின் சுமை போனதும் தட்டு மெலிகிறதோ அதுவே குற்றவாளி. பிஸ்டன் தட்டும் இந்தச் சோதனையில் மெலியும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. சூட்டில் கூடுகிறதா குறைகிறதா என்பதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சூடான எண்ணெயின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். 1000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது பட்டறைகளில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. 50 மி.மீ. விட்டமுள்ள தண்டுக்குப் பேரிங்கில் விடுகிற இடைவெளி ஏறத்தாழ 0.05 மி.மீ. தலைமுடியின் தடிப்புக்கும் குறைவான இந்த எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் அத்தனை வேகமும் மிதக்கிறது.

எஞ்சினைப் பிரிக்கும் முன் ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பார்கள். ரம்பத்தால் அறுத்தால் ரம்பத்தின் தூளே உள்ளே விழும், அதனால் அதற்கென்றுள்ள வெட்டுக்கருவி. மடிப்புத் தாளை விரித்துப் பிழிந்து வெயிலில் காட்டினால் துகள்கள் மின்னும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாத மங்கிய வெண்மை அலுமினியம்: பிஸ்டன் பாவாடையிலிருந்து வந்திருக்கலாம், அலுமினிய பேரிங்கிலிருந்தும் வந்திருக்கலாம். மூவடுக்கு பேரிங் போட்டுக் கட்டிய எஞ்சினில் செம்பு நிறம் தெரிந்தால் மேலடுக்கு தேய்ந்து நடு அடுக்கு வெளியே வந்துவிட்டது என்று பொருள். இங்கேயும் என்ன பேரிங் போட்டது என்ற பழைய பில் கையில் இருந்தால்தான் துகளைப் படிக்க முடியும்.

பிரித்த பிறகு மேசையில் கிடக்கும் பேரிங் ஓடுகளை வெறும் தேய்மானமாகப் பார்த்துக் குப்பையில் எறிவது எனக்குப் பொறுக்காது. ராடின் பெரிய கண்ணில் இரண்டு அரைவட்ட ஓடுகள். பிஸ்டன் பக்கத்து ஓடு வெடிப்பின் அடியைத் தாங்குகிறது. மூடிப் பக்கத்து ஓடு, உச்சிக்குப் போன பிஸ்டனை அதிவேகத்தில் திரும்ப இழுக்கும் பாரத்தைத் தாங்குகிறது. முதலாவது மட்டும் நசுங்கித் தேய்ந்திருந்தால் தவறான வெடிப்பைச் சந்தேகிக்க வேண்டும். டியூனையும் பெட்ரோலின் தரத்தையும் திருத்த வேண்டும். இரண்டாவது மட்டும் தேய்ந்திருந்தால் வண்டியை அளவுக்கு மீறிய சுற்றுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இரண்டும் ஒருசேர உரசிக் கருத்திருந்தால் எண்ணெய் வரவில்லை. அப்போது ஆயில் சம்பைக் கழற்றிய கையோடு, அதனுள் தொங்கும் பிக்கப் குழாயை எடுத்துக் கழுவி, சில ஈஜே25 டர்போக்களில் அது விரிசல்விடும் பற்றவைப்பு ஓரத்தை விளக்கொளியில் மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். புது எஞ்சினுக்குப் பழைய குழாயையே மாட்டும் முன்பு.